எல்லாப் படமும் அண்ணாந்தே எடுத்தது

ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த கடையை இன்னைக்குத் திறந்து தூசி தட்டியிருக்கேன். ஏர் ஷோவில் விமானங்களைப் படம் பிடிக்கப் போன கதை இது. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும். நீளமான பதிவுதான். பொறுமை இருக்கிறவங்க ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காருங்க. இல்லாதவங்க கடைசி ரெண்டு பத்தியை மட்டும் படிச்சுட்டு வந்து திட்டலாம் :-)

எங்க ஊர் நெம்மேலி. ஈசிஆரில் கோவளம் தாண்டி, மாமல்லபுரம் வர்றதுக்கு முன்னாடி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் நாங்க. "கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறாங்களே, அந்த நெம்மேலியா?"ன்னு கேட்பீங்க. அதே நெம்மேலிதான். 2013இல் தினமும் 10 கோடி லிட்டர் தரும் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. எல்லாம் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விமானப் பைத்தியம் எனக்குச் சின்ன வயசிலேயே பிடித்தது. தாம்பரம் விமானப்படைத் தளம் நேர்க்கோட்டில் அளந்தால் எங்க ஊரில் இருந்து 30 கி.மீ.கூட வராது. பறக்கக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அங்கே இருக்கிறது. அந்தக் காலத்துக் கிரண் பயிற்சி விமானம் தலைக்கு மேலே போனால் சவுக்குத் தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் அப்படியே நின்று அண்ணாந்து பார்ப்போம். வளர்ந்த பிறகும் அந்தக் கழுத்து நிமிரவில்லை, அண்ணாந்தபடியேதான் இருக்கிறது. அதனால்தான் குருவி சேர்த்த மாதிரி காசு சேர்த்து ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கினேன். வீட்டில் விழுந்த திட்டு தனிப் பதிவுக்குத் தாங்கும்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழாவுக்காக மெரினாவில் ஏர் ஷோ. சென்னையில் இப்படி ஒன்று நடந்து 21 வருஷம் ஆகியிருந்தது. 72 விமானங்கள், காலை 11 மணி முதல் 1 மணி வரை என்று அறிவித்திருந்தார்கள். நான் விடுவேனா? விடிவதற்கு முன்னாலேயே பஸ் பிடித்துத் திருவான்மியூர் போய், அங்கிருந்து பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன். (பறக்கிறதைப் பார்க்கப் பறக்கும் ரயிலில் போனேன். ஹிஹி.) ஏழரை மணிக்கே மணலில் துண்டைப் போட்டு இடம் பிடித்தாச்சு. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனம். தோளில் குழந்தை, கையில் புளிசாதப் பொட்டலம். எட்டு மணிக்கு மேல் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது.

புகைப்பட நண்பர்களுக்காக ஒரு சின்னத் தொழில்நுட்பக் குறிப்பு. மெரினாவில் கடல் கிழக்கே. விமானங்கள் பறப்பதோ கடலுக்கு மேலே. ஆக, பன்னிரண்டு மணி வரைக்கும் வெளிச்சம் நமக்கு எதிரே இருக்கும். சும்மா அமுக்கினால் விமானம் கறுப்புக் காக்கா மாதிரி விழும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். ஜெட்டுக்கு 1/1600 நொடி. ஹெலிகாப்டருக்கு அதே வேகத்தை வைத்தால் காற்றாடி அசையாமல் நின்றுவிடும், படத்தில் பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு 1/200க்கு இறங்கி, மூச்சைப் பிடித்து, இடுப்பை மட்டும் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். வலை வீசுகிறவர் உடம்பைத் திருப்புவாரே, அந்த மாதிரி.

பதினோரு மணிக்குத் தொடங்கியது பாருங்க... கருட் கமாண்டோக்கள் ஹெலிகாப்டரில் இருந்து கயிற்றில் இறங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து டகோட்டா ஆடி அசைந்து வந்தது. ரஃபேல், தேஜஸ், சுகோய்-30. மயில் வண்ணம் பூசிய சாரங் ஹெலிகாப்டர்கள். (சாரங் என்றாலே மயில்தான். கோயம்புத்தூர் சூலூரில்தான் அவர்களுக்கு ஜாகை.) கடைசியில் எல்லாரும் காத்திருந்த சூர்யகிரண், சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஹாக் விமானங்கள்.

சூர்யகிரண் வந்த நேரத்தில்தான் அது நடந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளி ஒரு பெண் குரல். "தண்ணி, யாராவது தண்ணி குடுங்களேன்... அப்பா... அப்பா..." காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஒன்பது விமானமும் கோத்துக்கொண்டு நேராக என் ஃபிரேமுக்குள் வந்துகொண்டிருந்தன. என் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. நான் திரும்பவில்லை. ஷட்டர் படபடவென்று அடித்து ஓய்ந்த பிறகுதான் திரும்பினேன். ஒரு நிமிஷம் இருக்கும், கூடவும் இருக்கலாம். அதற்குள் யாரோ ஒரு பையன் தன் பாட்டிலில் இருந்து பெரியவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக் குடிக்கவும் கொடுத்துவிட்டான். அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் என் பாட்டிலை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்ண்ணா" என்று சொன்னார். அந்தத் தேங்க்ஸ் இன்னும் குத்துகிறது.

திரும்பி வந்த கதை உங்களுக்கே தெரியும், செய்தியில் பார்த்திருப்பீங்க. சுமார் 15 லட்சம் பேர் என்று சொன்னார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையவே முடியவில்லை. அடையாறு வரைக்கும் நடந்தேன். வழியில் கடைகளில் தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் செய்தி தெரிந்தது. வெயிலும் கூட்டமும் சேர்ந்த அந்த நாளில் 5 பேர் இறந்துபோயிருந்தார்கள். நிறையப் பேர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி முன்னாலேயே அறிவித்திருந்தோம் என்றார்கள். ஏற்பாடு போதவில்லை என்றார்கள் எதிர்த் தரப்பினர். இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் என்று முதல்வர் அறிவித்தார். யார் பக்கம் தப்பு என்று விசாரிக்க நான் இந்தப் பதிவை எழுதவில்லை. என் பக்கம் இருக்கிற விஷயத்தைச் சொல்ல எழுதுகிறேன்.

ரெண்டு நாள் கழித்துக் குப்பத்துப் பெரியவர் ஒருத்தர் வீட்டுப் பக்கம் வந்தார்.

"இன்னா தம்பி, ஏரோப்ளேன் படம் புடிச்சிக்கினு வந்தியாமே? காட்டு பாக்கலாம்."

எனக்கா கசக்கும்? லேப்டாப்பைத் திறந்து வரிசையாகக் காட்டினேன். நாலைந்து படம் "அட, அட" என்று பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"இதெல்லாம் வானந்தான தம்பி. ஜனம் எங்க? எம் பேரன் கூட போயிருந்தான், ராத்திரி பதினோரு மணிக்கித்தான் வூடு வந்து சேந்தான். கூட்டத்துல எங்கனா தெரியறானா பாரு."

தேடினேன். 1,412 படங்கள். ஒன்று விடாமல் தேடினேன். அவர் பேரனை விடுங்கள், ஒரு மனுஷத் தலைகூட இல்லை. ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய குடைக் கம்பி மட்டும் ரெண்டு படத்தில் மங்கலாக. லட்சக்கணக்கான பேர் நடுவில் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால் என் படங்களைப் பார்க்கிறவனுக்கு, யாருமே இல்லாத ஏதோ ஒரு வானத்தில் விமானங்கள் பறந்தன என்றுதான் தெரியும். தேதியைக்கூட கேமராவே எழுதியதால்தான் தெரிகிறது.

பெரியவர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஊருத் தண்ணிய குழா போட்டுப் பட்டணத்துக்கு எடுத்துக்கினு போறாங்க. அங்க போயி ஜனம் தண்ணி இல்லாம மயங்கி வுழுந்துச்சாமே?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், மற்றவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று பழைய கதைகளைப் புரட்டினேன். இனிமேல் வருவது அந்தச் சரித்திரம்.

விமானத்தின் முதல் படமே ஒரு கடற்கரைக்காரர் எடுத்ததுதான், தெரியுமோ? 1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேடு. ஆர்வில் ரைட் கேமராவை முக்காலியில் நிறுத்தி, விமானம் மேலே கிளம்பும் என்று நினைத்த இடத்தைக் குறிவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த கடல் மீட்பு நிலையத்தின் ஊழியர் ஜான் டேனியல்ஸிடம் ரப்பர் குமிழைக் கொடுத்தார். "விமானம் எழும்பினால் அமுக்கு." டேனியல்ஸுக்கு கேமரா என்றால் என்னவென்றே பழக்கமில்லை. கப்பல் கவிழ்ந்தால் படகை எடுத்துக்கொண்டு போய் ஆளைக் காப்பாற்றுகிறவர். விமானம் எழுந்தது, 12 நொடியில் 120 அடி போனது. அமுக்கினேனா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். ரைட் சகோதரர்கள் ஊருக்குத் திரும்பிக் கண்ணாடித் தகட்டைக் கழுவியபோதுதான் தெரிந்தது, உலகத்திலேயே மிகப் பிரபலமான படங்களில் ஒன்றை அவர் எடுத்திருக்கிறார் என்று. 1913இல் டேட்டன் நகரில் வெள்ளம் வந்து அந்தத் தகடும் நனைந்தது. ஒரு மூலைதான் போனது, விமானம் தப்பித்தது.

இப்போது அந்தப் படத்தை மனசுக்குள் கொண்டுவாருங்கள். விமானம் இருக்கிறது. படுத்தபடி ஓட்டும் ஆர்வில் இருக்கிறார். அதோடு வலப்பக்கம் வில்பர் ரைட், ஓடிவந்த ஓட்டத்தில் கையை விரித்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். கீழே மணலும் காலடித் தடமும், விமானம் ஓடிய தண்டவாளமும். அந்தப் படத்தில் மூச்சு முட்டும் விஷயம் எனக்கு விமானம் இல்லை, வில்பர்தான். அவரை எடுத்துவிட்டால் அது ஏதோ மரச்சட்டம் காற்றில் போகிற படம். தரையும் மனிதரும் சேர்ந்து இருப்பதால்தான் "இது இப்படி நடந்தது" என்று நம்மால் நம்ப முடிகிறது.

அன்றைக்குப் பார்வையாளர்கள் மொத்தமே ஐந்து பேர். டேனியல்ஸோடு மீட்பு நிலையத்தார் மூன்று பேர், ஒரு மர வியாபாரி, ஒரு பையன். அதே நாள் கொஞ்ச நேரம் கழித்து, நின்றுகொண்டிருந்த விமானத்தைக் காற்று புரட்டிப்போட்டது. பிடித்து நிறுத்தப் போன டேனியல்ஸையும் சேர்த்துச் சுருட்டியது. நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினார். விமான விபத்தில் அடிபட்ட முதல் ஆள் நான்தான் என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆக, முதல் படம் எடுத்தவரும் அவரே, பார்க்க வந்து அடிபட்ட முதல் ஆளும் அவரே. ஆர்வில் ரைட் இறந்தது 1948 ஜனவரி 30. (ஆமாம், காந்தி சுடப்பட்ட அதே நாள்.) டேனியல்ஸ் மறுநாளே போய்ச் சேர்ந்தார்.

ஐந்து பேர் லட்சமாவதற்கு ஆறு வருஷம்கூட ஆகவில்லை. 1909 ஆகஸ்டில் பிரான்ஸில் ரீம்ஸ் நகரில் முதல் சர்வதேச விமானத் திருவிழா, லட்சக்கணக்கில் கூட்டம். அடுத்த மாதமே இத்தாலியில் பிரெஷாவில் இன்னொன்று. இந்த பிரெஷாவில்தான் நம்ம இலக்கியப் பதிவர்களுக்கு வேலை இருக்கிறது. பிராகில் இருந்து விடுமுறைக்குப் போன ஒரு 26 வயசு இளைஞர் நண்பர் மாக்ஸ் பிராடோடு அங்கே போய் நின்றார். பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா!! திரும்பிப் போய் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, 'போஹேமியா' என்ற பத்திரிகையில் 1909 செப்டம்பர் கடைசியில் வெளிவந்தது.

அதில் காஃப்கா என்ன எழுதியிருக்கிறார்? விமானம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. இரண்டு மாதம் முன்னால்தான் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோ அங்கே இருக்கிறார், அவருடைய எஞ்சின் கிளம்ப மறுத்துப் படுத்துகிறது, எல்லாரும் காத்திருக்கிறார்கள். ஆனால் காஃப்காவின் கண் பாதி நேரம் தரையில்தான். தூசி, வெயில், ரயிலில் நெரிசல், சாப்பாட்டுக்கு அலைச்சல், மேடையில் உட்கார்ந்திருக்கும் சீமாட்டிகள், வேலை இல்லாமல் நிற்கும் விமானியின் முகம். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அன்றைக்கு அங்கே நிற்பது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது என்றால், அவர் கேமரா இல்லாமல் போனதாலோ என்னவோ என்று தோன்றுகிறது :-)

சரி, நம்ம மெட்ராஸுக்கு வருவோம். பிளேரியோ கால்வாயைத் தாண்டிய செய்தி மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற ஐரோப்பியருக்கும் எட்டியது. மனுஷன் சும்மா இருக்கவில்லை. தானே வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானத்தைக் கட்டச் செய்தார். அப்போது சிம்ப்சன் குதிரை வண்டி கட்டுவதில் பெயர்போன கம்பெனி. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார். கூட்டத்தில் இருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டும் பறந்தார் என்பார்கள். ஆக, சென்னையின் முதல் ஏர் ஷோ 1910இல், டிக்கெட் போட்டு, மெரினாவுக்குப் பக்கத்திலேயே!

ஆனால் பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் வருவது யார்? 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் இருந்து 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்த ஹென்றி பெக்கே. அவரும் ஒரு கண்காட்சிக்கு வந்த விமானிதான். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அது, முத்திரை குத்திய உறைகள் இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. கையில் பிடித்துக் காட்ட ஒரு உறை இருந்தது, பெயர் நின்றது. நம்ம ஓட்டல்காரருக்கு அப்படி உலகம் சுற்றிய உறையும் இல்லை, கிட்டி ஹாக் மாதிரி ஊர் உலகம் அறிந்த படமும் இல்லை. பழைய மெட்ராஸ் கதை எழுதுகிறவர்கள் தயவில்தான் அவர் பெயர் உயிரோடு இருக்கிறது. (சுவாரசியம் என்னவென்றால், விமானப்படை தன் ஆண்டு விழா ஏர் ஷோவை 2023இல் நடத்தியது அதே அலகாபாத் என்கிற பிரயாக்ராஜில். 2024இல் சென்னையில். பெக்கே ஊரும் டி ஆஞ்சலிஸ் ஊரும் அடுத்தடுத்து!)

விமானம் எடுக்கிறவன் ஏன் அண்ணாந்தே பார்க்கிறான் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சட்டம். பல வருஷத்துக்கு முன்னால் விமான நிலையச் சுவருக்கு வெளியே ரோட்டோரம் நின்று இறங்குகிற விமானத்தைக் கிளிக்கிக்கொண்டிருந்தேன். சீருடையில் ஒருத்தர் வந்து கேமராவைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் நிற்கவைத்து, "எதுக்குய்யா எடுக்கற? யாருக்கு அனுப்புவ?" என்று குடைந்து எடுத்துவிட்டார். "பிடிக்கும் சார், அதான்" என்ற பதில் அவருக்குப் புரியவே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1923இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அரசு ரகசியச் சட்டம், 1937 விமான விதிகளின் 13ஆம் விதி எல்லாம் அப்படி. அரசு விமானத்தளத்திலோ பறக்கும் விமானத்தில் இருந்தோ எழுத்து அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பது அந்த விதி. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மேகத்தை எடுக்கும் பயணிக்கு 2004இல்தான் சுற்றறிக்கை மூலம் தளர்வு கிடைத்தது.

இது நம்ம ஊர்ப் பயம் மட்டும் இல்லை. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில் கலமாட்டா விமானத்தளத்தில் பொதுமக்களுக்கான திறப்பு நாள். அழைப்பை நம்பிப் போன விமானப் பித்தர்கள், பிரிட்டிஷ்காரர்கள் 12 பேர், டச்சுக்காரர்கள் 2 பேர், உளவு பார்த்ததாகக் கைது. விமானத்தின் எண்களை நோட்டில் குறித்து வைத்திருந்ததுதான் ஆதாரம்! 2002 ஏப்ரலில் தண்டனை, எட்டுப் பேருக்கு மூன்று வருஷச் சிறை. மேல்முறையீட்டில் அதே வருஷம் நவம்பரில் எல்லாரும் விடுதலை. பொழுதுபோக்கு என்றால் என்னவென்று நீதிமன்றத்துக்குப் புரியவைக்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆக, ஏர் ஷோ என்பது எங்களை மாதிரி ஆட்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் விடுதலை. "எடுத்துக்கோ ராஜா" என்று அரசாங்கமே விமானத்தைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த ஒரு நாளில் ஒரு நொடியைக்கூடத் தரைக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. இது சாக்கு இல்லை, எப்படி நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

கடைசியாக ஒன்று. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஆன்டனோவ்-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. அதில் 29 பேர். கப்பல், விமானம் எல்லாம் போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்க குப்பத்தில் ரொம்ப நாளைக்கு வலையில் ஏதாவது தட்டுப்பட்டால் "அதுவா இருக்குமோ" என்று பேச்சு வரும். ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையில் இருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்தன. ஆராய்ந்து பார்த்து, அது அந்த ஆன்டனோவோடு ஒத்துப்போகிறது என்று அறிவித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இதுவும் விமானத்தை எடுத்த படம்தான். 1/1600 நொடியும் இல்லை, வண்ணப் புகையும் இல்லை, கைதட்டலும் இல்லை. குனிந்து, கீழே பார்த்து, இருட்டில் எடுத்த படம். ஆனால் 29 வீடுகள் ஏழரை வருஷமாக அந்த ஒரு படத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தன. அது ஜனவரியில் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் நான் மெரினாவில் 1,412 படம் எடுத்தேன், எவருமே காத்திருக்காத படங்கள். என் சூர்யகிரண் படத்தைவிட ஆயிரம் மடங்கு நல்ல படம் விமானப்படையே வெளியிடும். அந்தப் புளிசாதப் பொட்டலத்தை, தண்ணீர் தெளித்த பையனை, ரயில் ஸ்டேஷன் வாசல் நெரிசலை நாங்கள்தான் எடுத்திருக்க முடியும். அங்கே இருந்தது நாங்கள்தானே. நாளைக்கு யாராவது "அன்னைக்குக் கூட்டம் எப்படி இருந்தது, தண்ணீர் எங்கே வைத்திருந்தார்கள், எந்த வழி அடைபட்டது" என்று கேட்டால், அதற்குச் சாட்சி சொல்லும் ஒரு படம் என்னிடம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது அன்றைக்கு மெரினாவில் இருந்து, தெரியாத்தனமாகவாவது தரையில் இருந்த ஜனங்களை எடுத்திருந்தால், அழித்துவிடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் சரி. எந்த இடம், எத்தனை மணி என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். 2003 ஏர் ஷோவுக்குப் போன பெருசுகள் பழைய ஆல்பத்தைத் தேடுங்கள். பின்னூட்டத்தில் சொல்லுங்கள், படம் வேண்டாம், கதையாவது எழுதுங்கள். எங்க குப்பத்துப் பெரியவர் பேரன் எங்கேயாவது தெரிகிறானா என்று பார்க்கிறேன்.

பி.கு: அடுத்த ஏர் ஷோவுக்கும் நான் போவேன், பைத்தியம் அவ்வளவு சீக்கிரம் தெளியாது. ஆனால் பையில் ரெண்டு சங்கதி மாறும். கழுத்தில் தொங்கும் பெரிய லென்ஸோடு, அகலமாக எடுக்கும் ஒரு சின்ன லென்ஸ். அரை பாட்டில் தண்ணீருக்குப் பதிலாக அஞ்சு லிட்டர் கேன். நெம்மேலித் தண்ணி தாங்க :-)